களக்காடு கைமாறிய கதையையும் சொல்லிக் கொடுப்போம்

களக்காட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வரலாறு நடத்துகிறேன். பாளையக்காரர் பாடம் வந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். காரணம், பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலேயே எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது: களக்காட்டுப் போர். 1755-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனார். அதன்பின் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கான் கம்பெனிச் சிப்பாய்களோடு களக்காட்டுப் பக்கம் வந்தார். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவருக்குத் துணையாகத் திருவிதாங்கூரிலிருந்து 2,000 வீரர்கள் வந்து சேர, மாபூஸ்கான் தோற்றார். பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்.

ஒரு பெண் மட்டும் எழுந்து கேட்டாள்: "அக்கா, திருவிதாங்கூர்க்காரங்க சும்மாவா வந்து சண்டை போட்டுருப்பாங்க? அவங்களுக்கு இதுல என்ன வேணும்?"

அவர்களுக்கு வேண்டியது களக்காடுதான். அதைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

மேற்கே மலை, மலையிலிருந்து இறங்கும் பச்சையாறு, அதை நம்பிய குளங்கள், வயல்கள். இன்று வாழைத்தார் ஏற்ற லாரிகள் நிற்கும் இந்தப் பூமி அன்று நெல் விளைந்து வரி கொழித்த பூமி. திருவிதாங்கூருக்கு முன்னிருந்த வேணாட்டு அரசர்கள் சிலர் ஒரு காலத்தில் இங்கேயே தங்கி ஆண்டிருக்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் படை வந்து சேருவதும் எளிது. ஹெரான் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இங்கே நவாபின் பெயரால் அதிகாரம் செய்த முடேமியா களக்காட்டுச் சீமையைத் திருவிதாங்கூருக்கு விற்றே விட்டான். ஊரோடு, வயலோடு, உழுகிற ஆட்களோடு விற்றான். ஹெரான் படை வருகிறது என்றதும் திருவிதாங்கூர்க் காவல் படை கிளம்பிப் போனது. அவர் போனதும் திரும்பி வந்தது. பூலித்தேவரோடு அவர்கள் கைகோத்தது இந்தக் கணக்கில்தான்.

பூலித்தேவருக்கு வேறு கணக்கு. வரி கேட்க நவாபுக்கு என்ன உரிமை, நவாபுக்காகத் துப்பாக்கி தூக்க வெள்ளைக்காரனுக்கு என்ன உரிமை என்பது அவர் கேள்வி. இரண்டு கணக்கும் சில ஆண்டுகள் ஒன்றாக ஓடின.

1759-இல் அது முறிந்தது. கம்பெனியின் தளபதி யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று அழைக்கும் அதே ஆள், திருவிதாங்கூர் அரசரோடு பேசினார். களக்காட்டுச் சீமையை உங்களுக்கே விடுகிறேன், பூலித்தேவரை விட்டு வாருங்கள் என்பதே பேச்சின் சாரம். வந்தார்கள். விலகியதோடு நிற்கவில்லை, யூசுப்கான் படையோடு சேர்ந்து பூலித்தேவரின் கூட்டாளியான வடகரைப் பாளையத்தின் மீது பாய்ந்தார்கள். பிறகு வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார்கள். துணை நின்றவர்களே எதிரில் நின்றபோதும் அந்தக் கோட்டை அன்று விழவில்லை. 1761 மே 16-இல்தான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் யூசுப்கான் வசமாயின.

களக்காடு திருவிதாங்கூருக்கு நிலைத்ததா? அதுவும் இல்லை. யூசுப்கானே கம்பெனியை எதிர்த்து நின்று 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் வேறோர் உடன்படிக்கை. திருவிதாங்கூர் களக்காட்டை நவாபுக்கே விட்டுக்கொடுத்தது. இத்தனை கைமாற்றத்திலும் களக்காட்டு மண்ணில் ஏர் பிடித்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த நினைப்போடுதான் நான் பிலிப்பைன்ஸ் வரலாற்றைப் படித்தேன். பாளையங்கள் எரிந்த அதே நாட்களில், 1762 ஆகஸ்டில், சென்னையிலிருந்து ஆங்கிலக் கப்பற்படை ஒன்று ஸ்பெயினின் குடியேற்ற நாடான பிலிப்பைன்ஸுக்குப் புறப்பட்டது. அதில் சென்னைப் படையின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது.

வடக்கே இலோகோஸ் பகுதியில் தியேகோ சிலாங் என்பவர் ஸ்பானிய வரிக்கும் கெடுபிடிக்கும் எதிராகக் கிளம்பி, வீகன் நகரைக் கைக்கொண்டார். ஆங்கிலேயர் அவருக்குப் பதவிப் பட்டம் எழுதி அனுப்பினார்கள். படை அனுப்புவதாகவும் சொன்னார்கள். சிலாங் காத்திருந்தார். படை வரவில்லை. 1763 மே 28-இல் ஸ்பானியத் தரப்பினர் ஆள் வைத்து அவரைக் கொன்றுவிட்டார்கள். மனைவி கேப்ரியேலா போரைத் தொடர்ந்தார். அந்தச் செப்டம்பரில் அவரையும் தூக்கிலிட்டார்கள்.

இதில் என் நெஞ்சு கொதிக்கும் இடம் ஒன்று உண்டு. சிலாங் கொல்லப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே, பிப்ரவரி 10 அன்று, பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. மணிலா பிடிபட்ட சேதியே பேச்சு நடத்தியவர்களுக்கு எட்டியிருக்கவில்லை. உடன்படிக்கையில் பெயர் சொல்லாத இடங்களைப் பிடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற பொது விதியில் அந்த ஊர் ஸ்பெயினுக்கே போனது. 1764-இல் ஆங்கிலேயர் கிளம்பியபோது சிப்பாய்களில் சிலர் கப்பல் ஏறாமல், மணிலாவை அடுத்த கைந்தாவில் பெண் கட்டிக் குடியேறினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நம் பக்கத்து மனிதர்களின் கதை அது. நம் பாடத்தில் அதற்கு ஒரு வரி இருக்க வேண்டாமா?

அந்த நாட்டுக்கு அடுத்த அடி 1898-இல் விழுந்தது. ஸ்பெயினுக்கு எதிரான இரண்டாண்டுப் புரட்சிக்குப் பிறகு, அமெரிக்கா துணை நிற்கும் என்று நம்பி, ஜூன் 12 அன்று கவிட் என்ற ஊரில் புரட்சித் தலைவர் அகினால்டோ விடுதலையை அறிவித்தார். டிசம்பரில் பாரிஸில் ஸ்பெயினும் அமெரிக்காவும் உட்கார்ந்து பேசி, இரண்டு கோடி டாலருக்கு நாட்டைக் கைமாற்றிக்கொண்டன. பிலிப்பைன்ஸின் தூதர் அகோன்சில்லோ பாரிஸ் வரை போயும் அவரைப் பேச்சு நடந்த அறைக்குள் சேர்க்கவில்லை. மறு ஆண்டே அமெரிக்காவோடு போர் மூண்டது. 1946 ஜூலை 4-இல்தான் விடுதலை கிடைத்தது. ஆனாலும் 1962 முதல் அந்த மக்கள் கொண்டாடுவது ஜூன் 12-ஐத்தான். அடுத்தவன் கொடுத்த தேதியைத் தள்ளிவிட்டுத் தாங்களே அறிவித்த தேதியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதனால்தான்.

களக்காடும் இலோகோஸும் கவிட்டும் ஒரே விஷயத்தைக் காட்டுகின்றன. துணைக்கு வந்த பெரிய கை, தனக்கு வேண்டியது கிடைத்த மறுநாள் விலகிவிடுகிறது. சண்டை நடந்த இடம் நமக்கு மனப்பாடம். உடன்படிக்கை நடந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள், எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்று நாம் கேட்டுப் பழகவில்லை.

இதையெல்லாம் சொன்னால் பூலித்தேவரின் பெருமை குறையும் என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. குறையவே குறையாது. திருவிதாங்கூர் கைவிட்ட பிறகும் ஒன்றரை ஆண்டு அவர் தாக்குப்பிடித்தார் என்பது, 2,000 பேர் துணையிருக்கக் களக்காட்டில் வென்றதைவிடப் பெரிய விஷயம். அந்த ஒன்றரை ஆண்டின் கனம் 1759-ஐத் தெரிந்துகொண்டவனுக்குத்தான் புரியும்.

பாடநூல் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு பத்தி. களக்காட்டுப் போர் முடிகிற இடத்துக்குக் கீழே, 1759-இல் இந்த ஊர் எதற்கு விலையாக வைக்கப்பட்டது என்று எழுதுங்கள். எங்கள் ஊரிலும் சத்தியவாகீசர் கோயில் பக்கம் ஒரு கல் நட்டு, வென்ற போரோடு கைமாறிய ஆண்டுகளையும் பொறிக்கலாம். பெரிய செலவில்லை. கோபுரம் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களும் நின்று படித்துவிட்டுப் போவார்கள்.