தொழுவத்துக்கு ஏற்ற மின்விசிறி எது?



பங்குனி பிறந்துவிட்டால் கறவை மாடு வளர்க்கும் இல்லங்களில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பசு ஓயாமல் மூச்சு வாங்குகிறது, தீனி எடுக்க மறுக்கிறது, பாலும் குறைந்துவிட்டது. தொழுவத்தில் ஒரு மின்விசிறி மாட்டினால் நல்லதா?" என்பதே அது. நல்லதுதான். ஆயினும், எந்த விசிறி, எந்த இடம், எந்த மின்கம்பி என்று ஆராயாமல் மாட்டினால், நன்மைக்கென வாங்கிய பொருளே உயிருக்கு உலை வைத்துவிடும். கடன் பட்டு வாங்கிய பசுவையும், அதன் அருகில் வேலை செய்யும் மனிதரையும் ஒருங்கே காக்கும் வழியை இம்மாதம் சிந்திப்போம்.

வெயில் ஏன் வாட்டுகிறது?

நம் காங்கேயமும் உம்பளச்சேரியும் இந்த மண்ணின் வெயிலுக்கு இயைந்த இனங்கள். தளர்ந்த தோலும், வியர்வையை நன்கு வெளியேற்றும் ஆற்றலும், அளவான தீனியும் அவற்றுக்கு இயற்கை அளித்த கவசங்கள். ஆனால் இன்று நம் தொழுவங்களில் பெரிதும் நிற்பவை கலப்பினப் பசுக்களே. அவற்றின் முன்னோரான ஜெர்சி இனம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலிலுள்ள சிறு தீவில் உருவானது. ஹோல்ஸ்டீன் பிரீசியன் இனம் நெதர்லாந்து, வட ஜெர்மனி ஆகிய குளிர் நாடுகளுக்கு உரியது.

பசுவின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 பாகை செல்சியஸ். காற்றின் வெப்பம் 25 பாகையைக் கடந்தாலே இத்தகைய பசுவுக்குத் தொல்லை தொடங்கிவிடும். காற்றில் ஈரமும் மிகுந்திருந்தால் தொல்லை இன்னும் விரைந்து வரும். பசுவின் பெருவயிற்றில் தீனி நொதிக்கும்போதும் வெப்பம் உண்டாகிறது. மிகுந்த பால் கறக்கும் பசு மிகுந்த தீனி உண்கிறது. ஆதலின் அதன் உடலில் பிறக்கும் வெப்பமும் மிகுதி. வீட்டுக்கு அதிகம் ஈட்டித் தரும் பசுவே வெயிலில் முதலில் வாடுகிறது என்பதை நினைவில் கொள்க.

இதை அறியக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. பசு அமைதியாக நிற்கும்போது அதன் விலாப்புறம் எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 60-க்கு மேல் சென்றால் பசு வெப்பத்தால் துன்புறுகிறது என்று கொள்ளலாம். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக நின்றால் நிலைமை முற்றிவிட்டது. பால் குறைவதோடு தீங்கு நிற்பதில்லை. பசு படுத்து ஓய்வெடுப்பது குறைகிறது, சினை பிடிப்பதும் தவறுகிறது.

விசிறி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உடலைச் சுற்றித் தேங்கிய வெப்பக் காற்றை விலக்கி, தோலிலுள்ள ஈரத்தை உலர வைக்கிறது. ஈரம் உலரும்போது உடலின் வெப்பத்தையும் உடன் கொண்டு போகிறது. அவ்வளவே. காற்றின் வெப்பம் பசுவின் உடல் வெப்பத்தை நெருங்கும் சித்திரை, வைகாசி நண்பகலில், வெறும் காற்று மட்டும் போதாது. பசுவின் முதுகை நீரால் நனைத்து, பின் விசிறியால் உலர்த்தினாலே பயன் உண்டு.

ஆகவே விசிறி வாங்குமுன் தொழுவத்தைப் பாருங்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக உள்ளதா? பக்கச் சுவர்கள் காற்றை அடைக்கின்றனவா? கூரைத் தகடு நெருப்பாய்க் காய்கிறதா? அடைத்த சுவரைத் திறந்து விடுவதும், தகட்டின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், மேற்குப் பக்கம் மரம் வளர்ப்பதும், நாள் முழுதும் தண்ணீர் நிழலில் கிடைக்கச் செய்வதும் விசிறியினும் மலிவானவை. இவற்றைச் செய்யாமல் விசிறியை மட்டும் மாட்டுவது, சுடுகாற்றைச் சுழற்றிப் பசுவின் மேல் வீசுவதேயாகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் பயன்படும் கூரை விசிறியும், நிற்கும் விசிறியும் தொழுவத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல. தொழுவக் காற்றில் வைக்கோல் தூசியும், ஈரமும், சாணம் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் கலந்திருக்கின்றன. திறந்த மோட்டாருக்குள் தூசி புகுந்து படியும், மோட்டார் சூடேறும், படிந்த தூசி தீப்பற்றும். கூரை ஓலையாகவோ வைக்கோலாகவோ இருப்பின், விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

எனவே முழுவதும் மூடப்பட்ட மோட்டார் உள்ள விசிறியையே கேளுங்கள். அதன் பெயர்த்தகட்டில் ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தூசிக்கும், இரண்டாவது நீருக்கும் எதிரான காப்பைக் குறிக்கும். ஐ.பி. 55 என்றிருப்பின் தூசியையும், பீய்ச்சும் நீரையும் தாங்கும். தொழுவத்துக்கு அது ஏற்றது. சட்டகமும் வலையும் துத்தநாகப் பூச்சுள்ள இரும்பாகவோ, துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். விசிறியின் இருபுறமும் விரல் நுழையாத வலைக்காப்பு வேண்டும்.

அடுத்து, இறக்கையின் அகலத்தை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது, அதற்கு எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்ற இரண்டையும் கேளுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எண் எதற்கு அதிகமோ, அதுவே சிக்கனமான விசிறி. அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய அரை கிலோவாட் இழுக்கும். 10 மணி நேரம் ஓடினால் 5 யூனிட் ஆகும். ஒரு கோடை முழுதும் கட்டும் மின்கட்டணத்தைக் கணக்கிட்டால், விலை குறைந்த விசிறி உண்மையில் மலிவானதா என்பது விளங்கிவிடும்.

எங்கே மாட்டுவது?

விசிறியின் அடிவிளிம்பு தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாமல், கொம்புக்கும் கைக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். முகம் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து, காற்று பசுவின் முதுகின்மேல் விழ வேண்டும். இயற்கைக் காற்று எத்திசையில் வீசுகிறதோ, அத்திசையிலேயே விசிறியும் வீசட்டும். எதிர்த்து வீசினால் இரண்டும் வீணாகும். நீண்ட தொழுவமாயின், விசிறியின் விட்டத்தைப் போல் பத்து மடங்குத் தொலைவுக்குள் அடுத்த விசிறி வர வேண்டும். மூன்றடி விசிறிக்கு முப்பதடி எனக் கொள்க.

பசுவின் முதுகு மட்டத்தில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று செல்வது நல்லது. வேகத்தை அளக்கும் சிறு கருவி இல்லையெனில், ஒரு கழியில் துணி நாடாவைக் கட்டிப் பசுக்கள் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் பிடித்துப் பாருங்கள். நாடா எங்கே தொங்குகிறதோ, அங்கே நிற்கும் பசுவுக்கு விசிறியால் பயனில்லை.

பசு மூச்சு வாங்கத் தொடங்கிய பின் விசிறியைப் போடுவது காலம் கடந்த செயல். காலையில் வெயில் ஏறுமுன்னரே போடுக. பகலில் ஏறிய வெப்பத்தைப் பசு இரவில்தான் இறக்கி வைக்கிறது. ஆதலின் புழுக்கமான இரவுகளிலும் விசிறி ஓடட்டும்.

மின்சாரத்தில் கவனம்

சில ஆண்டுகளுக்கு முன், நாம் அறிந்த ஒரு கைம்பெண் தம் ஒரே பசுவின் மீது இரக்கங்கொண்டு, வீட்டிலிருந்த நிற்கும் விசிறியைத் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்தார். ஒட்டுப்போட்ட கம்பி ஈரத்தரையில் கிடந்தது. பசு அதை மிதித்தது, அக்கணமே விழுந்தது. ஓடிச்சென்று தொட முயன்ற மகனைப் பக்கத்து வீட்டார் தடுத்து, மின் இணைப்பைத் துண்டித்ததால் பிள்ளை பிழைத்தான். பசு போயிற்று, பசுவுக்காக வாங்கிய கடன் போகவில்லை.

ஈரத்தரையில் நான்கு கால்களையும் ஊன்றி நிற்கும் மாட்டுக்கு, நம்மைவிட மின்சாரத்தால் ஆபத்து மிகுதி. காலணி அணிந்த நாம் உணராத சில வோல்ட் கசிவையும் அது உணரும். இரும்புத் தொட்டியில் தண்ணீர் குடிக்கத் தயங்கி, நாக்கை நனைத்தவுடன் பின்வாங்கும் மாட்டை முரட்டு மாடு என்று அடிக்க வேண்டாம். தொட்டியில் மின்கசிவு உண்டா என்று முதலில் சோதிக்கச் செய்யுங்கள்.

இவ்வைந்தையும் தவறாது கடைப்பிடியுங்கள். ஒன்று: உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே தொழுவத்துக்குத் தனி மின்சுற்று அமைக்க வேண்டும். இரண்டு: 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி அதில் இருக்க வேண்டும். மூன்று: விசிறியும், இரும்புத் தூண்களும், தண்ணீர்த் தொட்டியும் முறையாக இணைக்கப்பட்டு நிலத்தொடர்பு பெற வேண்டும். நான்கு: கம்பிகள் எலி கடிக்காதவாறு குழாய்க்குள் உயரத்தில் செல்ல வேண்டும், மரத்துக்கு மரம் கட்டி இழுத்த கம்பி கூடவே கூடாது. ஐந்து: சுவிட்சு மாட்டின் வாய்க்கும் நீருக்கும் எட்டாத உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும்.

நீரும் காற்றும்

பசுவை நனைக்கும்போது பெருந்துளிகளாகத் தெளித்து, ஒரு நிமிடம் நனைத்தபின் நிறுத்தி, சில நிமிடங்கள் விசிறியால் உலர்த்துக. இதை மாறி மாறிச் செய்க. நீர் மடிக்கு வழிந்தோடும் அளவுக்கு ஊற்றினால் மடிநோய்க்கு இடமாகும். சேலம், கரூர் போன்ற வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் பனிபோல் நீர் தூவும் குழல்கள் காற்றைச் சற்றுக் குளிர்விக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரங்களிலோ ஏற்கெனவே ஈரமான காற்றில் அவை புழுக்கத்தையே கூட்டும். அங்கே பெருந்துளியும் விசிறியும்தான் துணை. எருமைக்கு வியர்வை மிகக் குறைவு, தோலோ கருமை. அதற்கு நீர் இன்றியமையாதது.

கோழிப்பண்ணைக்காரருக்கும் ஒரு சொல். கோழிக்கு வியர்ப்பதேயில்லை, மூச்சிரைத்தே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. நாற்புறமும் அடைத்து, ஒரு முனையில் நீர்த்திரையும் மறுமுனையில் காற்றை இழுக்கும் பெருவிசிறிகளும் வைத்து நடத்தும் கொட்டகைகளில், மின்சாரம் நின்றால் சிறிது நேரத்திற்குள் கூட்டம் கூட்டமாகக் கோழிகள் மடியும். தானே இயங்கத் தொடங்கும் மின்னாக்கியும், உறங்குவோரை எழுப்பும் எச்சரிக்கை மணியும் இல்லாமல் அத்தகைய கொட்டகை அமைப்பது அறிவுடைமையன்று.

பராமரிப்பு

இறக்கையிலும் வலையிலும் தூசி படியப் படியக் காற்று குறையும், மின்கட்டணமோ குறையாது. மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். விசிறி சுழலாமல் முனகினாலோ, தீய்ந்த வாடை வீசினாலோ உடனே நிறுத்துங்கள். "இன்று ஒருநாள் ஓடட்டும்" என்று விடுவதில்தான் தீ பிறக்கிறது.

ஒன்றிரண்டு பசுக்கள் உள்ள இல்லத்தாருக்கு நம் அறிவுரை இது: இவ்வாண்டு நிழலையும் நீரையும் சீர்செய்யுங்கள், அடுத்துக் கம்பி வேலையைத் திருத்துங்கள், அதன்பின் கையிலுள்ள பணத்துக்கு ஏற்ற ஒரு நல்ல விசிறியை வாங்குங்கள். இவ்வரிசையை மாற்ற வேண்டாம். இன்று மாலையே தொழுவத்துக்குச் சென்று, பசுவின் விலாவை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்; அப்படியே தலையை உயர்த்தி, மேலே செல்லும் கம்பிகளையும் ஒருமுறை பாருங்கள்.