ஐப்பசி மழைக்கு எந்த டயர்?

“அண்ணா, எந்த டயர் போட்டா லேப் டைம் குறையும்?” எங்கள் கடைக்கு வரும் பெரிய கார்க்காரத் தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். கோவையில் டயரும் வீல் அலைன்மென்ட்டும் என் தொழில். செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்திலேயே இருப்பதால், திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீசுக்கும் ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கும் போகிற கார்கள் இங்கே அடிக்கடி வரும். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. தினமும் ஓட்டுகிற காருக்கு, டிராக்கில் அமையும் நல்ல நாளை மனதில் வைத்து டயர் வாங்கக் கூடாது. சாலையில் வரப்போகும் மோசமான நாளை நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

பிஎம்டபிள்யூ எம்2 காரையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் வந்த மாடலில் 460 குதிரைத்திறன், எடை 1,700 கிலோவுக்கு மேல். முன்னால் 275/35 ஆர்19, பின்னால் 285/30 ஆர்20. இவ்வளவு சக்தியும் எடையும் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் வழியாகத்தான். அந்த ரப்பரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி சாலைக்கான ஸ்போர்ட்ஸ் டயர். இன்னொன்று, பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரி செமி-ஸ்லிக். சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதித்தாலும் பிறந்தது டிராக்குக்காக. பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் ட்ரெட்வேர் எண் முன்னதில் 300, பின்னதில் 180. எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. ஆனால் அந்த எண்ணைக் கம்பெனிகளே சோதித்துப் போட்டுக்கொள்கின்றன. அதனால் ஒரே கம்பெனியின் டயர்களை ஒப்பிட அது உதவும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட நம்ப முடியாது.

செமி-ஸ்லிக்கின் சிக்கல் தண்ணீரில் தெரியும். அதில் பட்டனும், அதாவது டயரில் வெட்டிய பள்ளக்கோடுகளும், குறைவு, அதன் ஆழமும் குறைவு. தண்ணீரை வெளியேற்ற வழி போதாது. பட்டன் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் தேங்கிவிட்டால் டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்று நாசா ஆய்வாளர்கள் 1963-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அதன்படி 36 பிஎஸ்ஐ காற்று அடைத்த டயர் சுமார் 100 கி.மீ. வேகத்தில் தரையை விட்டு எழும்பிவிடும். அது விமான டயருக்குப் போட்ட கணக்கு. இந்தக் கார்களில் இருக்கும் அகலமான டயர் அதற்கு முன்பே மிதக்கலாம். நீலாம்பூர் - மதுக்கரை பைபாஸில் மழை இரவில் எதிரே லாரி வரும்போது 90-இல் போகிற காரை நினைத்துப் பாருங்கள். டிராக்கில் சறுக்கினால் ஓடி நிற்க வெளியும், கொடி காட்ட மார்ஷலும் உண்டு. பைபாஸில் இரண்டும் கிடையாது. சட்டம் கேட்பது 1.6 மி.மீ. பட்டன்தான். இந்த மாதிரிக் காருக்கு மூன்று மி.மீ. ஆனதுமே மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள் என்பேன்.

“ரோடு டயர் டிராக்கில் தாங்காதே” என்பார்கள். உண்மைதான். நாலைந்து வேகச் சுற்றிலேயே அது சூடேறிக் கொழகொழவென்று ஆகும், ஓரத்து ரப்பர் பிய்ந்து வரும். வலப்பக்கமாகச் சுற்றும் டிராக்கில் ஓடிய காரின் இடப்பக்க முன்சக்கரத்தில் விரலை ஓட்டினால் கதை தெரிந்துவிடும். வெளி ஓரம் ரம்பம் மாதிரி ஒரு திசையில் மட்டும் குத்தும், நடுவில் புது டயர் போல வழவழப்பு. இதற்கு டயரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேம்பர் எனும் சக்கரச் சாய்வைச் சரிசெய்யுங்கள், சுற்றுகளைக் குறையுங்கள், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு ரோடு டயர்தான் நல்ல வாத்தியார். கிரீச்சென்று கத்தி எச்சரித்துவிட்டுத்தான் பிடி விடும்.

நிஜமாகவே போட்டியில் இறங்குகிறவர்களுக்குத் தனி ரிம்மில் தனி டயர் வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை. நான்கு சக்கரத்தையும் ஒரு பிக்-அப்பில் ஏற்றி டிராக்குக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். இங்கிருந்து சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. செமி-ஸ்லிக்கிலேயே போய்வந்தால் 3.7 கி.மீ. டிராக்கில் தேய்வதைவிட நெடுஞ்சாலையில் தேய்வதுதான் அதிகம். பல தடவை சூடேறி ஆறியதில் ரப்பரும் இறுகிப்போகும்.

காற்று விஷயத்தில் சொல்ல ஒன்று இருக்கிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். 32 வைத்து இறங்கினால் சில சுற்றுகளில் 40-ஐத் தொடும். அதனால் டிராக்கில் எல்லோரும் காற்றை இறக்கி 34-க்குக் கொண்டுவருகிறார்கள், அது சரியே. சாயங்காலம் திரும்ப அடைக்காமல் கிளம்புவதுதான் தப்பு. மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 27 கூட இருக்காது. அதோடு குழியில் இறங்கினால் ரிம்மும் போகும், டயரும் வீங்கும். இருபது லட்ச ரூபாய் காரோ இரண்டு கோடி ரூபாய் காரோ, சின்னதாக ஒரு கம்ப்ரஸரை டிக்கியில் போட்டு வையுங்கள்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதிலிருந்து, இந்த அளவுகள் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. அந்தத் தட்டுப்பாட்டில் பழைய சரக்கும் புதுசாக விலைபோகிறது. பக்கவாட்டில் டாட் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 1524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் செய்தது. கிடைக்கவில்லை என்பதற்காக முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்று கலக்கவும் வேண்டாம். மழையில் முன்சக்கரம் பிடித்து, பின்சக்கரம் விட்டுவிட்டால் இவ்வளவு குதிரைத்திறன் உள்ள கார் ஒரே சுற்றாகச் சுழன்றுவிடும்.

செலவழிக்க ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் பிரேக் பேடும் புது பிரேக் ஆயிலும், அடுத்து அலைன்மென்ட், அடுத்து நல்ல ரோடு டயர். அதற்கப்புறமும் பணமும் ஆசையும் மிச்சமிருந்தால் தனி ரிம், செமி-ஸ்லிக். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்; விற்கிற எங்களுக்கும் அதில்தான் லாபம். ஆனாலும் ஐப்பசியில் யாராவது ஆபீஸ் காருக்குச் செமி-ஸ்லிக் கேட்டு வந்தால், தனி ரிம் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த கடையில் போட்டுக்கொள்வார்கள் என்று தெரியும். அந்த வியாபாரம் அவர்களுக்கே போகட்டும்.