முன்பணம் கேட்பதற்கு முன்

மாணவர்களே! காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டுக்கு முன்பணம் கொடுத்துச் செல்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். புடவை இன்னும் தறி ஏறவில்லை. ஆனாலும் பணம் தருகிறார்கள். ஏன்? அந்த நெசவாளர் முன்பு நெய்த புடவையை அவர்கள் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இன்று புதிய கருவி செய்து விற்க விரும்புவோரும் முன்பணம் கேட்கிறார்கள். கருவியின் படத்தை இணையத்தில் காட்டி, முகமறியாத ஆயிரக்கணக்கானோரிடம் சிறு தொகைகளாகத் திரட்டுகிறார்கள். இதற்குத் திரள்நிதி என்று பெயர். இது பங்கு அன்று. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் 25 ரூபாய்ப் பங்கை வாங்கியவர், அக்கம்பெனியில் உரிமை பெற்றார். இங்கோ, பொருள் வந்து சேரும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் கிடைக்கிறது.

ஓரிக்கையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, நெசவாளர் வீட்டுப் பெண், ஒரு நாள் என்னிடம் வந்தாள். "சார், காற்றிலுள்ள ஈரத்தைக் குடிநீராக்கும் பாட்டில் செய்யப் போகிறேன். இணையத்தில் பணம் திரட்டலாமா?" என்றாள். பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்ந்தவளுக்கு இப்படித் தோன்றியதில் வியப்பில்லை. 2016-ல் ஆஸ்திரியாவின் 'ஃபான்டஸ்' குழுவினர் இத்தகைய பாட்டிலுக்காக 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியதையும் அவள் படித்திருந்தாள். மணிக்கு அரை லிட்டர் நீர், நோட்டுப் புத்தக அளவில் ஒரு சூரிய மின்தகடு; இதுதான் அவள் திட்டம்.

"கணக்குப் போட்டாயா அம்மா?" என்றேன். இல்லையாம். இருவரும் உட்கார்ந்தோம். நீங்களும் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

1 கிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படும். அதை அகற்றிக்கொண்டே இருந்தால்தான் நீர் சேரும். அரை லிட்டருக்கு 12 லட்சம் ஜூல். 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட தகட்டின் மீது உச்சி வெயிலில் விழுவது சுமார் 60 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமானால் 12 வாட். ஒரு மணி நேரத்தில் 43,200 ஜூல். இப்படிப்பட்ட சிறிய குளிர்விப்பான், தான் உண்ணும் மின்சாரத்தின் அளவுக்கு வெப்பத்தை அகற்றினாலே பெரிது. அப்படியே அகற்றுவதாக வைத்துக்கொண்டாலும் 18 கிராம் நீர்தான். ஒரு மிடறு!

"தகட்டைப் பெரிதாக்கினால், சார்?" அரை லிட்டர் வேண்டுமானால் 28 மடங்கு பெரிதாக்க வேண்டும். பாட்டிலோடு வீட்டுக் கதவையும் சுமக்க வேண்டியதுதான்!

அதே 2016-ல், கடலுக்கடியில் சுவாசிக்கச் 'செயற்கைச் செவுள்' என்று சொல்லி 'ட்ரைட்டன்' என்ற கருவிக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சில மில்லிகிராம்தான். கணக்கறிந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். பணம் திருப்பித் தரப்பட்டது. பிறகுதான் அதில் திரவ ஆக்சிஜன் உருளை உண்டு என்று சொன்னார்கள். கொடுத்தவர்களில் ஒருவராவது முதலிலேயே பென்சிலை எடுத்திருக்கலாம். கேட்டவர்கள் எடுத்திருக்க வேண்டியது கட்டாயம் என்பது என் கருத்து. பிறர் சேமிப்பைக் கேட்பவனுக்கு அறியாமை ஒரு சமாதானம் ஆகாது.

திரள்நிதியே தீது என்று நான் சொல்லவில்லை. மனு பிரகாஷ் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய காகித நுண்ணோக்கியான 'ஃபோல்ட்ஸ்கோப்'பைப் பாருங்கள். 2014-லேயே பல நாட்டவர்க்கும் அனுப்பிச் சோதித்துப் பார்க்கச் செய்தார்கள். 2016-ல்தான் பொதுமக்களிடம் முன்பணம் கேட்டார்கள். அதற்குள் பலர் அதில் பாசியையும் எறும்பின் காலையும் பார்த்துவிட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் செய்து அனுப்புவது தனிப் பாடு. 2012-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய 'பெப்பிள்' கைக்கடிகாரம்கூடச் சொன்ன தேதிக்குப் பல மாதங்கள் தாமதமாகத்தான் வந்தது. ஒன்றையே செய்து பார்க்காதவர் ஆயிரத்துக்குத் தேதி குறிக்கலாமா?

அந்த மாணவி இப்போது வீட்டுத் திண்ணையில் எவர்சில்வர் சொம்பு நிறைய ஐஸ் வைத்து, வெளிப்புறத்தில் மணிக்கு எத்தனை கிராம் நீர் சேர்கிறது என்று நிறுத்துப் பார்க்கிறாள். தராசு, ஜரிகை நிறுக்க அவள் அப்பா வைத்திருப்பது.