நடந்து பார்த்து வரைக!

நூலகத்திற்குப் பின்னாலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் குறுக்குப் பாதை ஒன்று நம் வளாகத்தின் படத்தில் இருந்தது. அதை வரைந்தவன் நான். முதலாண்டில், விடுதி அறையில் உட்கார்ந்தபடியே, செயற்கைக்கோள் எடுத்த படத்தின்மேல் ஒரே இரவில் ஏறக்குறைய 40 பாதைகளை வரைந்தேன். அவற்றுள் இதுவும் ஒன்று. மேலிருந்து பார்த்தால் அது அறுபடாத சாம்பல்நிறக் கோடு. கீழே சென்று பார்த்தால் நடுவில் ஓர் இரும்புக் கதவு. மாலை 6 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நான் கீழே சென்று பார்க்கவில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஓரிரவு நம் விடுதி நண்பர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. ஆட்டோ ஒன்றை அழைத்தோம். ஓட்டுநர் வளாகத்திற்குப் புதியவர். உடன் சென்ற தோழர் கைப்பேசியில் படத்தைப் பார்த்து வழி சொன்னார். படம் காட்டிய வழி பூட்டிய கதவின்முன் கொண்டுபோய் நிறுத்தியது. திரும்பிச் சுற்றிக்கொண்டு மருத்துவமனையை அடைய 20 நிமிடம் கூடுதலாயிற்று. நண்பர் தேறிவிட்டார், இன்று நலமாக இருக்கிறார். மறுநாள் படத்தைத் திறந்து, அந்தக் கோட்டின் வரலாற்றைப் பார்த்தேன். அங்கே இருந்தது என் பெயர்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இப்பொதுப் படத்தை 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கினார். கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொண்ட எவரும் அதில் வரையலாம். பிறர் வரைந்ததைத் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும். ஆனால் மாற்றுவதற்கு முன் எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. அதன் பெருமை அது. அதன் ஆபத்தும் அதுவே.

"பலர் பார்க்கும் படம், பிழை இருந்தால் தானே திருந்திவிடும்" என்று கூறுவார் உளர். நானும் அப்படித்தான் நம்பினேன். என் பிழை ஈராண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. ஏன்? இங்கேயே வாழ்பவர்களுக்குக் கதவு பூட்டும் நேரம் தெரியும். அவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்ப்பவர் புதியவர். அவருக்குக் கதவு இருப்பதே தெரியாது. வழி அறிந்தவன் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்ப்பவன் வழி அறியான். இவ்விருவருக்கும் இடையில்தான் பிழை சுகமாக வாழ்கிறது.

ஆகவே, தவறாக வரைவதைவிட வரையாமல் விடுவதே மேல் என்பேன். வெற்றிடம், "யாரையாவது கேட்டுக்கொள்" என்கிறது. தவறான கோடோ, "அஞ்சாமல் வா" என்று அழைக்கிறது.

தொலைவிலிருந்து வரைவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து தந்தார்கள். மீட்புப் பணியாளர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால் அவர்களுக்கு வேறு வழியில்லை. இடையே கடல் இருந்தது. எனக்கும் அந்த இரும்புக் கதவுக்கும் இடையே இருந்தது என்ன? என் சோம்பல் ஒன்றுதான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, நீர் சூழ்ந்த தெருக்கள் மக்கள் தந்த செய்தியைக் கொண்டு இதே படத்தின்மேல் குறிக்கப்பட்டன. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை அத்தெருவில் நிற்பவனைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். இப்படத்தில் ஓரிடத்தில் வழங்கும் பெயரை எழுத ஓர் இடமும், அதைப் பிற மொழிகளில் எழுதத் தனித்தனி இடங்களும் உண்டு. நம்மவர் சிலர் ஆர்வ மிகுதியால் இவ்வளாகத்துத் தெருக்களின் முதற்பெயரையே தமிழாக்கிவிட்டார்கள். தமிழுக்கென்று உள்ள இடத்தில் தமிழை எழுதுவது தொண்டு; தெருப்பலகையில் இல்லாத பெயரைப் பலகைப் பெயராகக் காட்டுவது தொண்டாகாது. இன்னொரு புறம், நம் நாட்டு ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்தே தமிழில் எழுதுவோரும் இருக்கிறார்கள். பழனி 'பலனி' ஆகிறது. மணப்பாறை 'மனப்பாறை' ஆகிறது. அவ்வூரார் ஒருவரைக் கேட்டால் தீரும் பிழை இது. நம் விடுதியிலேயே எத்தனை ஊர்க்காரர்கள்!

அளவையில் இந்தக் கண்டிப்பு நமக்குப் புதிதன்று. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் தொடங்கியது. அத்துடன் அவர் நிறைவடைந்தாரா? இல்லை. 1804-இல் பெங்களூர் அருகே வேறோர் அடிக்கோட்டை அளந்து, தம் கணக்கு சரிதானா என்று சோதித்தார். அளப்பது பாதி வேலை. அளந்ததைச் சோதிப்பது மறு பாதி.

நம் சங்கத்தின் முன் என் வேண்டுகோள் இது. வளாகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வோம். பருவத்திற்கு ஒருமுறை அவரவர் பகுதியை நடந்து பார்ப்போம். புதிய சுவர், மூடிய கடை, பெயர் மாறிய விடுதி, கதவு பூட்டும் நேரம் ஆகியவற்றைக் கண்டு குறிப்போம். ஐயமுள்ள இடத்தில் கோடு போடாமல் ஐயத்தையே குறிப்பாக எழுதி வைப்போம். வணிக நிறுவனங்களின் படங்களைப் பார்த்து எழுத வேண்டா. அது உரிமை மீறல் என்பதோடு, அவர்கள் பிழையும் கூடவே வந்து சேரும். பிறர் வரைந்ததை அழிக்குமுன் அவரையே ஒரு வார்த்தை கேட்போம். நாம் காணாததை அவர் கண்டிருக்கலாம்.

புதிய கோடு வரைவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. பழைய கோட்டைச் சரிபார்ப்பதில் அது இல்லை; யாரும் கைதட்டுவதுமில்லை. ஆயினும் நள்ளிரவில் நோயாளியோடு வரும் ஆட்டோவுக்குத் தேவைப்படுவது அந்தச் சலிப்பான வேலைதான்.

நான் வரைந்த 40 பாதைகளில் 26-ஐ இதுவரை நடந்து பார்த்துவிட்டேன். அந்த இரும்புக் கதவும் அதைப் பூட்டும் நேரமும் இப்போது படத்தில் உள்ளன. இன்னும் 14 மீதி. வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு நூலக வாயிலில் நிற்பேன். வருகிறவர்கள் கைப்பேசி கொண்டு வாருங்கள். நல்ல செருப்பு அதைவிட முக்கியம்.