சிவந்த கண்ணுக்கு ஒரு நாள் பேரா விலை?



"கண்ணுதானே சிவந்திருக்கு, ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்று லயத்தில் நாம் சொல்கிறோம். டிஸ்பென்சரியிலும் அதையே சொல்கிறார்கள். வாகனம் கேட்டு ஒப்பீசுக்குப் போனாலும் அதே பதில்தான். அடிபட்ட கண் என்றால் இந்தப் பேச்சு பிள்ளையின் பார்வையையே பறித்துவிடும்.

மாவனல்லைத் தோட்டங்களில் பிள்ளைகளின் கண்ணுக்கு எதனால் ஆபத்து? விறகுச் சுள்ளி, கவ்வாத்து மிலாறு, பால்வெட்டுக் கத்தி, இறப்பர் பாலை உறைய வைக்கும் அசிட். எல்லாம் தோட்ட வாழ்க்கையோடு ஒட்டியவை. ஆகவே இது வீட்டுக் கவலை மாத்திரமல்ல, தொழிற்சங்கப் பிரச்சினை.

சுள்ளி கீறினால் கருவிழியின் மேல்தோல் உரியும். அதன் வழியே கிருமி புகுந்தால் புண்ணாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விழுந்து பார்வை மறையும்.

1812 இல் பிரான்ஸில் மூன்று வயது லூயி பிறெயிலின் கண்ணில் தகப்பனின் தோல் பட்டறை ஊசி குத்தியது. மற்றக் கண்ணும் கெட்டு, ஐந்து வயதில் முற்றாகப் பார்வை போனது. அன்று மருந்து இல்லை. இன்று இருக்கிறது. நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு 2001 இல் வெளியானது. கிராமத்துத் தொண்டர்களே கண்ணைச் சோதித்து, கீறல் கண்டவர்களுக்குக் குளோரம்பெனிக்கோல் களிம்பு போட்டார்கள். அடிபட்டு 18 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. கிராமத்துத் தொண்டரால் முடிந்தது நம் டிஸ்பென்சரியில் ஏன் முடியாது?

"பெற்றோரின் பராமுகம்" என்று நிர்வாகம் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும் தாய்க்குப் பிள்ளை மேல் பாசமில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. ஆட்டோக் கூலியும் கைக்காசு. வைத்தியம் இலவசம், வைத்தியசாலைக்குப் போகும் வழி இலவசமில்லை. 1961 இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கிறது. உலகத்துக்கே கண் கொடுத்த நாட்டில், வாகனமில்லாமல் நம் பிள்ளையின் கண் போகலாமா?

நம் கோரிக்கைகள்:

1. கண்ணில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே மாவனல்லை அல்லது கேகாலை வைத்தியசாலைக்குத் தோட்ட வாகனத்தில் அனுப்ப வேண்டும்.
2. கூடப் போகும் தாய் அல்லது தகப்பனின் பேர் வெட்டப்படக் கூடாது.
3. டிஸ்பென்சரியில் கண் களிம்பும், கீறலைக் காட்டும் நிறக் காகிதமும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும்.

நம் பக்கத்திலும் திருத்த வேண்டியது உண்டு. தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். பழைய போத்தலில் மிஞ்சிய சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீரொயிட் கலந்த மருந்து சிவப்பைக் குறைத்துக் காட்டும், உள்ளே புண் பரவும். அசிட் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவிவிட்டு ஓடுங்கள். கூரான பொருள் குத்தியிருந்தால் கழுவவோ, கசக்கவோ, இழுத்தெடுக்கவோ வேண்டாம். அழுத்தாமல் மூடிக்கொண்டு போங்கள். அடிபட்ட பின் ஒரு நாள் கழிந்தும் சிவப்பு மாறாவிட்டால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காதீர்கள்.

வாகனம் மறுக்கப்பட்டால் திகதி, நேரம், மறுத்தவர் பெயர் மூன்றையும் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சை நிர்வாகம் மறந்துவிடும். எழுத்தில் இருப்பதை மறக்க விடமாட்டோம்.