மறந்து போவது பிள்ளையின் குற்றமா?

"நேற்றுத்தானே சொல்லிக் கொடுத்தேன்! இன்றைக்கு ஏன் திருதிருவென்று விழிக்கிறாய்?"

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் சற்று நின்றால் இந்த அதட்டல் காதில் விழும்.

பையன் நேற்று ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தான். நிஜம்தான். இன்று அது அவனுக்கு வரவில்லை. அதுவும் நிஜம். "சோம்பேறி", "திமிர் பிடித்தவன்" என்று பெயர் வைத்து விடுகிறோம். ஆனால் சில பிள்ளைகளுக்குப் பிறப்பதற்கு முன்பே மூளையில் காயம் பட்டிருக்கிறது.

கர்ப்பிணி மது குடித்தால், அது நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் போகிறது. அதை முறிக்கும் சக்தி சிசுவின் பிஞ்சு ஈரலுக்கு இல்லை. வளர்கிற மூளை கெடுகிறது. 'இவ்வளவு குடித்தால் பாதகமில்லை' என்று ஓர் அளவு கிடையாது. பிரான்சில் லெமுவான் என்ற டாக்டர் 1968-ல் இதை எழுதினார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர்கள் ஜோன்சும் ஸ்மித்தும் 'பீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள்.

சில பிள்ளைகளுக்கு முகத்திலேயே அடையாளம் உண்டு. கண் சிறுத்திருக்கும். மேலுதடு மெலிந்திருக்கும். பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அடி வாங்குகிறவர்கள் அவர்கள்தான்.

"நம் ஊரில் பெண்கள் குடிப்பதாவது!" என்பீர்கள். குடிசையிலும் உண்டு, மாடி வீட்டிலும் உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். தான் கர்ப்பம் என்பதே தெரியாத வாரங்களில் குடித்தவளும் இருப்பாள்.

குடி ஒரு நோய் என்று அடையாறு நமக்குக் காட்டியது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய நிலையம் இன்றும் அங்கே குடியர்களுக்கு வைத்தியம் செய்கிறது. குடிக்கிற ஆணிடம் இரக்கம் காட்டக் கற்றுக்கொண்டோம். ஒரு சொட்டும் கேட்டுக் குடிக்காத பிள்ளைக்கு மட்டும் பிரம்பா?

எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

"புத்தகத்தை எடு, முப்பதாம் பக்கத்தைப் பிரி, மூன்றாவது கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதல் வார்த்தை மட்டும்தான் அவனிடம் நிற்கும். ஒரு சமயத்தில் ஒரே வேலை. தினமும் அதே இடம், அதே வரிசை. அடுத்து என்ன என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். சந்தடியான இடம் உதவாது. மறந்துவிட்டானா? முதல் தடவை சொல்வது போல மறுபடியும் சொல்லுங்கள்.

கணக்கும் காசும் மணி பார்ப்பதும்தான் இவர்களுக்கு மலை. கரும்பலகையில் எழுதிப் பயனில்லை. கையில் நிஜ நாணயத்தைக் கொடுத்துக் கடைக்கு அழைத்துப் போங்கள். இன்று, நாளை, மறுநாளும்.

அடித்தால் திருந்துவான் என்பது வீண். 'இதைச் செய்ததால்தான் அது வந்தது' என்று முடிச்சுப் போடும் புத்தியே அவனுக்குப் பலவீனம். அடி வலிக்கும், காரணம் விளங்காது.

இவ்வளவும் நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு டீச்சரால் ஆகுமா? தனியாக ஆகாது. தியாகராய நகரைப் பாருங்கள். எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளையை ஒரு காலத்தில் 'மக்கு' என்றோம். 1990-களில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பிறந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இன்று அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. இதற்கும் அதுபோல் பயிற்சி வேண்டும். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. அதில் இந்தக் குறைக்குத் தனிப் பெயர் இல்லை. புத்திப் பரீட்சையில் தேறிவிடும் பிள்ளைக்குச் சலுகை கிடைப்பது கஷ்டம். சர்க்கார் இதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. "கர்ப்ப காலத்தில் மது உண்டா?" என்று தாயைத் தனியே, தணிந்த குரலில் கேளுங்கள். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள். பையனுக்கு என்ன குறை என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.