இப்பொழுது என்ன வாசிக்கிறீர்கள்?



இம்மாதம் ஒரு தேநீர் வேளையைக் குறித்து எழுத விரும்புகிறேன். அதில் என்னுடைய பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஆகையால் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மும்பையில், தாராவியில், ஒரு மாடிக் கூடத்தில் எங்கள் சபை கூடிவருகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்த பிறகு, அடுத்த ஆராதனைக்கு ஹிந்தி சபையார் வந்து சேரும்வரை எங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். நாங்கள் சகோதரிகள் ஐந்து பேர் தேநீரை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். ஊர்ச் செய்தி, பிள்ளைகளின் படிப்பு, விடியுமுன் வந்து நின்றுபோகும் குழாய்த் தண்ணீர் என்று பேச்சு போகும். ஒரு ஞாயிறன்று, பேச்சு பிரயோஜனமுள்ளதாக இருக்கட்டுமே என்று எண்ணி நான் ஒரு கேள்வியைப் போட்டேன். "இப்பொழுது என்ன புஸ்தகம் வாசிக்கிறீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்களேன்."

செவிலியராகப் பணிபுரியும் சகோதரி முதலில் வாய் திறந்தார். அவர் கல்யாணிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வருகிறவர். உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் வாசிப்பு நாள். அவர் பையிலிருந்து எடுத்தது ஜான் பனியன் எழுதிய மோட்சப் பிரயாணத்தின் தமிழாக்கம். அட்டை போய், முதல் சில தாள்களும் போய், தாத்தாவின் கையெழுத்து மாத்திரம் ஓரங்களில் மிஞ்சியிருந்த பிரதி. கிறிஸ்தியானும் அவன் தோழனும் அவநம்பிக்கை என்னும் இராட்சதனுடைய கோட்டையில் அடைபட்டிருக்கும் பகுதிக்கு வந்திருந்தார். "புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவு வரைக்கும் இருட்டறையில் கிடக்கிறார்கள் அக்கா. அடியும் வாங்குகிறார்கள். கடைசியில் பார்த்தால், வாக்குத்தத்தம் என்கிற சாவி அவன் மார்புக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "வீட்டுக் கடனை நினைத்து நானும் மூன்று மாதமாக அப்படித்தான் கிடக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

பனியன் ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளியாயிருந்தவர். அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காக 1660இல் பிடிபட்டு, பெட்ஃபோர்டு சிறையில் 12 வருஷம் இருந்தார். மோட்சப் பிரயாணம் 1678இல் வெளிவந்தது. அவர் மணமுடித்தபோது தம்பதிகளிடம் ஒரு தட்டோ கரண்டியோ கூட இல்லையாம். மனைவி தகப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொத்து இரண்டு பக்திப் புஸ்தகங்கள் மாத்திரமே. நம்முடைய கலியாணங்களில் எழுதப்படும் சீர்வரிசைப் பட்டியலில் புஸ்தகம் என்றொரு வரியை இதுவரை நான் கண்டதில்லை. திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இதே கதையைத் தழுவி, 3,700க்கு மேற்பட்ட பாடல்களில் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார். அது நூலாக வந்த ஆண்டு 1894. அதைச் சொன்னபோது, "அதை வாசிக்கப் புலவர் பட்டம் வேண்டும் அக்கா, எனக்கு இதுவே போதும்" என்று சிரித்தார் செவிலியர்.

அடுத்தவர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அவர் வாசித்துக்கொண்டிருந்தது பண்டித ரமாபாயின் சரித்திரம். நாம் ஊருக்குப் போகும் நாகர்கோவில் வண்டி புனேயைக் கடந்து தவுண்டுக்குப் போகும் வழியில் கேட்காவ் என்றொரு நிலையம் உண்டு. பெரும்பாலும் அப்போது நாம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்போம்! அந்த ஊரில்தான் ரமாபாயின் முக்தி இல்லம் இருக்கிறது. 1905இல் அங்கிருந்த பெண்பிள்ளைகளின்மேல் எழுப்புதல் அக்கினி இறங்கியது. அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதலுக்கு அது ஓராண்டு முந்தியது. பெந்தெகொஸ்தே சரித்திரம் என்றாலே கடல் கடந்து தேடுகிற நாம் இதை அதிகமாய்ப் பேசுவதில்லை.

ஆசிரியை பேசியது எழுப்புதலைப் பற்றியல்ல. ரமாபாய் அஸ்ஸாமிலுள்ள சில்சாரில் குடியிருந்த காலத்தில், வீட்டுப் புஸ்தகங்களுக்கிடையே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று அகப்பட்டது. அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியாது. யாரோ வைத்ததை அவர் வாசித்தார். 1883இல் ஞானஸ்நானம் பெற்றார். பிற்காலத்தில் எபிரெயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். முன்பே மராத்தி வேதாகமம் இருந்தும் ஏன் அந்தப் பிரயாசம்? படிப்பறிவு குறைந்த கிராமத்துப் பெண்களுக்கும் விளங்கும் எளிய நடையில் அது வேண்டும் என்பதே அவருடைய பாரம். எழுத்துக் கோத்ததும் அச்சிட்டதும் முக்தியின் பெண்களே. 1922இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முழு வேதாகமம் 1924இல் வெளிவந்தது. ஆசிரியை இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கையில் எங்கள் தேநீர் ஆறிப்போயிற்று.

மூன்றாவது, அந்தேரியில் கணினி அலுவலகத்தில் வேலை செய்யும் இளம் சகோதரி. வாய்க்குள்ளேயே, "பொன்னியின் செல்வன்" என்றாள். ஒரு கணம் மவுனம். "உலகப் புஸ்தகமா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். பிள்ளையின் முகம் சிவந்தது. "அலுவலகத்தில் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள் அக்கா. தமிழில் ஒரு முழுப் புஸ்தகம் வாசித்து முடிப்பது எனக்கு இதுதான் முதல் தடவை" என்றாள். மும்பையில் பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி இரண்டாம் பாகத்துக்கு வந்திருந்தாள். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தேனே பட்டணத்தில் நின்று பிரசங்கித்த பவுல், அவர்களுடைய புலவர்களின் வாக்கையே எடுத்துப் பேசினார் என்று அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வாசியாமல் அதை எடுத்துப் பேசியிருக்க முடியாது. ஜெப நேரத்தைத் தின்றுவிடாதவரை கல்கியின் கதையால் இந்தப் பிள்ளையின் ஆத்துமாவுக்குச் சேதமில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கதையால் பழகிய தமிழில் நாளைக்கு அவள் சங்கீதங்களையும் வாசிப்பாள். (பதினான்கு வயதில் நானும் அதைப் பாடப் புஸ்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்தேன். என் தாயார் மகிமைக்குள் போய்விட்டபடியால் இப்போது சொல்லலாம்.)

கடைசியாக, வீடுகளுக்கு இட்லி அவித்துக் கொடுத்துப் பிழைக்கும் சகோதரி. சபையில் முதலில் வருகிறவர், கடைசியில் போகிறவர். "நீங்கள்?" என்றேன். "வேதம்தான் அக்கா. வேறு என்ன?" என்று சொல்லி, தம்ளர்களை அடுக்கிக்கொண்டு எழுந்துபோய்விட்டார். எத்தனை நேர்த்தியான பதில் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, சந்தையில் காய்கறி வாங்கித் திரும்பும் வழியில் அவரே என்னை நிறுத்தினார். "அக்கா, அன்றைக்கு நான் சொன்னது பொய். கர்த்தருக்கு முன்பாக என்னால் தூங்க முடியவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது."

எனக்கு முதலில் விளங்கவேயில்லை. 22 வருஷமாக அவருடைய மடியில் வேதாகமம் விரிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு ஜெபக் கூட்டங்களில் வசனம் வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்திருப்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. போதகர் வசனம் சொன்னதும் பக்கத்திலிருப்பவரின் வேதாகமத்தைப் பார்த்து, ஏறக்குறைய அதே கனத்தில் தாமும் புரட்டுவாராம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். ஏழு வயதில் மடியில் பீடித்தட்டை வைத்துவிட்டார்கள். தம்பிமார் பள்ளிக்குப் போனார்கள். சங்கீதங்களில் பத்துப் பன்னிரண்டு அவருக்கு மனப்பாடம். எல்லாம் காதால் வாங்கியவை. மும்பைப் பேருந்துகளின் நெற்றியில் மராத்தி இலக்கத்தில் எழுதியிருக்கும் எண்களை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். எனக்கு அது பிடிபட மூன்று வருஷம் ஆயிற்று.

இனி என் பிழைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு இதே பகுதியில், புஸ்தகம் தொடாத விசுவாசிகளைக் கடிந்து எழுதியிருந்தேன். தொலைக்காட்சிக்கு நேரமுண்டு, வாசிப்புக்கு நேரமில்லையா என்றெல்லாம் கூர்மையாகக் கேட்டிருந்தேன். நன்றாக எழுதினீர்கள் என்று சிலர் சொல்ல, நானும் மகிழ்ந்தேன். அந்த இதழை இந்தச் சகோதரி காசு கொடுத்து வாங்கி, ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்துப் பழகிய பன்னிரண்டு வயது மகனை அருகே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பையன் திக்கித் திக்கி ஒரு மணி நேரம் வாசித்தானாம். "வாசித்து முடித்துவிட்டு, 'அம்மா, இது உன்னைத்தான் சொல்கிறதா?' என்று கேட்டான் அக்கா." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் காய்கறிப் பையோடு வழியோரம் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரியைப் பற்றி எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அவன் வாசிக்கிறதைப் பிலிப்பு ஓடிப்போய்க் கேட்டான் என்றிருப்பதை நின்று கவனித்ததில்லை. கேட்க முடிந்ததென்றால் அவன் சத்தமாய் வாசித்திருக்கிறான். வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் பாக்கியவான்களைச் சொல்லும் இடத்திலும் வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். கொலோசெயர் நிருபத்தின் முடிவில், இதை உங்களிடத்தில் வாசித்தபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று பவுல் ஏற்பாடு செய்கிறார். அந்தச் சபைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் அநேகர் எழுத்தறியாத அடிமைகளும் கூலிக்காரருமாய் இருந்திருக்க வேண்டும். அவர்கள் நிருபத்தைக் காதால் வாங்கிக்கொண்டார்கள். அங்கே எவரும் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்ததாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, ஆம், அவர் சம்மதத்தோடுதான், மற்ற மூவரிடமும் விஷயத்தைச் சொன்னோம். இந்தப் பகுதியில் எழுதவும் அவரே அனுமதி தந்தார். "பெயரை மட்டும் போடாதீர்கள், ஊரில் தம்பிமார் வாசிப்பார்கள்" என்றார்.

இப்போது ஞாயிறு தேநீர் வேளையில் ஒருவர் வாசிக்கிறார், மற்றவர்கள் கேட்கிறோம். மோட்சப் பிரயாணத்தையே முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். தாத்தாவின் பிரதியில் முதல் தாள்கள் இல்லாதபடியால், தொடக்கத்தை மாத்திரம் செவிலியர் தம் நினைவிலிருந்து சொன்னார். கணினி அலுவலகப் பிள்ளையும் தன் முறை வரும்போது வாசிக்கிறாள். ழகரம் இன்னும் வழுக்குகிறது. ஆசிரியை முதல் வகுப்புப் பாடப் புஸ்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, புதன்கிழமைகளில் இட்லிக்கு மாவு அரைத்து முடித்த பின் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார். மகனும் பக்கத்தில் உட்காருகிறான். உயிரெழுத்துக்கள் முடிந்து, மெய்யெழுத்துக்களில் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு, கிறிஸ்தியான் உளையில் அமிழ்ந்துபோகும் இடத்தை வாசித்தோம். உடன் வந்த அயலான் கோபித்துக்கொண்டு வீட்டுப் பக்கமாய் ஏறிப் போய்விடுகிறான். பாரச் சுமையோடு தத்தளிக்கிற கிறிஸ்தியானிடத்தில் உதவி செய்கிறவன் ஒருவன் வந்து, உளையின் நடுவே நல்ல படிக்கற்கள் போடப்பட்டிருக்கிறதே, அவைகளை ஏன் தேடவில்லை என்று விசாரித்து, கைகொடுத்துத் தூக்கிவிடுகிறான். பயத்தில் ஓடிவந்தேன், அதனால் விழுந்தேன் என்கிறான் கிறிஸ்தியான்.

இட்லிக்காரச் சகோதரி கையை உயர்த்தினார். "அக்கா, ஒரு சந்தேகம். இவனை இந்த வழியே போ என்று அனுப்பினாரே ஒரு சுவிசேஷகர், அவருக்கு இந்த உளை இருப்பது தெரியும்தானே? படி இருக்கிறது, பார்த்துப் போ என்று அவர் ஏன் முன்னமே சொல்லவில்லை?"

செவிலியர் புஸ்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆசிரியையும் என்னைப் பார்த்தார். அதற்குள் ஹிந்தி சபையார் மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டது. தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தோம். அடுத்த ஞாயிறு, கர்த்தருக்குச் சித்தமானால், மேற்கொண்டு வாசிக்காமல் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்.